சிவப்புப் புருவக்காரனுக்கு மறுமதிப்பீடு

சாவதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் அடி வாங்க வேண்டும். அடி பட்ட இடத்தில் கையை வைக்க வேண்டும். அந்தக் கையை எடுத்து ரத்தத்தைப் பார்க்க வேண்டும். பிறகு அடித்தவனைப் பார்த்து, ‘நீயா?’ என்பது போல ஒரு முழி. அதற்கப்புறம் ஒரு வசனம். அதெல்லாம் முடிந்த பிறகுதான் விழலாம். இதில் எந்த ஸ்டெப்பை விட்டாலும் அத்தான் மார்க்கைக் குறைத்துவிடுவார். பழைய குங்ஃபூ படங்களில் செத்தவர்களுக்கு இவ்வளவு நேர்மையாக மார்க் போட்ட மனிதர் தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். கணக்கு வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர். செம்பாக்கத்தில் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் சொந்த வீடு. நான் சரித்திர டீச்சர். நானும் ரிட்டயர் ஆகிவிட்டேன். கல்யாணம் காட்சி என்று எதுவும் வைத்துக்கொள்ளாமல் ராஜகீழ்ப்பாக்கத்தில் தனியாக இருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். கொஞ்சம் என்று சொல்கிறவர்களுக்கு என்னைச் சரியாகத் தெரியாது.

அக்கா போன பிறகு அத்தான் பேசுவதையே விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்ததும் நான் தூக்கில் மீன் குழம்பை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போவேன். சாப்பிடுவார். தட்டைக் கழுவி வைப்பார். டி.வி.க்கு எதிரே போய் உட்காருவார். அந்த டி.வி.யை வாங்கிக் கொடுத்தது புனேயில் இருக்கும் அவருடைய மகன். பேரப்பிள்ளைகளைப் பெரிசாகப் பார்க்கலாம், உடம்பு முடியாத நாளில் ஆராதனையை வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று நல்ல மனசோடு வாங்கியது. அத்தான் அதில் எதையுமே பார்க்கவில்லை. அது பாட்டுக்கு ஓடும், இவர் பாட்டுக்கு உட்கார்ந்திருப்பார். ஒன்று முடிந்தால் அதுவே இன்னொன்றைப் போட்டுக்கொள்ளும்.

அப்படி ஒரு மத்தியானம் அது தானாகப் போட்டுக்கொண்டதுதான் முதல் படம். மழை பெய்வது போல் கீறல் விழுந்த பிரிண்ட். ஒட்டுத்தாடி வைத்த ஒரு குரு மூங்கில் காட்டில் செத்துக்கொண்டிருந்தார். செத்தார், செத்தார், செத்துக்கொண்டே இருந்தார். நான் அடுப்படியில் அப்பளம் பொரித்துவிட்டு வந்து பார்க்கிறேன், இன்னும் சாகவில்லை. தாடியின் ஒரு ஓரம் கழன்று காற்றில் ஆடுகிறது. ஒருவழியாகத் தலை சாய்ந்தபோது அத்தான் வாயைத் திறந்தார்.

“ஸ்டெப் எல்லாம் கரெக்ட். ஃபுல் மார்க் போடலாம்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்காவை அடக்கம் செய்துவிட்டு வந்ததிலிருந்து அவர் தானாகப் பேசிய முதல் பேச்சு இதுதான். வேறு யாராவது இருந்திருந்தால் ஸ்தோத்திரம் சொல்லி முழங்காலில் நின்றிருப்பார்கள். எனக்கு வந்தது கோபம்.

“எதுக்கு ஃபுல் மார்க்? அந்த ஆளை எதுக்குக் கொன்னாங்கன்னு யாராவது சொன்னாங்களா? காரணம் எங்கே, விளைவு எங்கே? என்கிட்ட வந்திருந்தா பத்துக்கு ரெண்டுதான்.”

“நீ எப்பவும் கையை இறுக்கிப் பிடிச்சே மார்க் போடறவ.”

“நீங்க எப்பவும் அள்ளி விடறவர்.”

சாயங்காலம் விளக்குப் போடுகிற வரைக்கும் சண்டை போட்டோம். எனக்கு அன்றைக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே ஒரு படம் போட்டேன். அதற்கடுத்த ஞாயிறு அவர் போட்டார். இரண்டு பேரும் வருஷக்கணக்காகப் பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போய் மின்விசிறி சுற்றாத அறைகளில் உட்கார்ந்தவர்கள். எங்களுக்கு மார்க் போடுவதற்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். ஆகவே முகாம் சட்டம் எல்லாம் மெதுவாகச் செம்பாக்கத்து ஹாலுக்குள் வந்துவிட்டது.

விடைத்தாளில் மாணவன் பெயரை மறைத்து டம்மி நம்பர் போட்டுத் தருவார்கள். படத்துக்கு எப்படி டம்மி நம்பர் போடுவது? துண்டு போட்டோம். பெயர் ஓடி முடியும் வரைக்கும் டி.வி.யின் மேலிருந்து ஒரு துண்டைத் தொங்கவிடுவோம். அத்தானுக்கு ஒரு படக் கம்பெனியின் முத்திரையைப் பார்த்தாலே மனசு இளகிப்போய் கருணை மார்க் சுரக்க ஆரம்பித்துவிடும், அதனால்தான் இந்த ஏற்பாடு. முதல் ஆள் ‘ஹூ’ என்று கத்தியதும் துண்டை எடுத்துவிடலாம். படம் ஓடும்போது பேசக் கூடாது. எவ்வளவு மட்டமாக இருந்தாலும் கடைசிவரை பார்க்காமல் மார்க் போடக் கூடாது. ஒருமுறை திருத்தியதை அதே ஆள் மறுபடி திருத்தக் கூடாது. ஒருவர் போடுவதை மற்றவர் பார்க்காமல் இருக்க அவரவர் மார்க்கை அவரவர் உள்ளங்கையில் சிவப்புப் பேனாவால் எழுதிக்கொண்டு, கடைசியில் ஒரே நேரத்தில் கையை விரிக்க வேண்டும். ராத்திரி குளித்தால் போய்விடும். எதையும் குறித்துவைக்கிற வழக்கமே கிடையாது. இரண்டு மார்க்குக்கும் பத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது ஆளிடம் போக வேண்டும். அதற்குத்தான் ஆள் இல்லாமல் இருந்தது.

அந்த ஆள் தானாக வந்து சேர்ந்தார். எதிர்வீட்டுக்காரர். ஏரிப் பாசனம் இருந்த காலத்தில் அந்தப் பக்கத்து வயலில் பாதி அவர் குடும்பத்துடையது. இப்போது வயல் இருந்த இடத்தில் வாடகை வீடுகள் இருக்கின்றன, மெயின் ரோட்டில் ஒரு ஹார்டுவேர் கடை இருக்கிறது. ஒருநாள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பதறியடித்து உள்ளே வந்தார்.

“இன்னா சார், வூட்ல யார்னா அடிச்சிக்கிறாங்களா? சத்தம் தெருக்கோடி வரிக்கும் கேக்குது!”

டி.வி.யைப் பார்த்தார். ஒருவன் பெஞ்சைத் தூக்கி எட்டுப் பேரை அடித்துக்கொண்டிருந்தான். அப்படியே தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தவர்தான். பெஞ்சு, முறம், துடைப்பம், தண்ணீர்க் குடம் என்று வீட்டுச் சாமான் எதை வைத்து அடித்தாலும் அவர் எண்பதுக்குக் குறைய மாட்டார். நான் மார்க் குறைத்தால் அவருக்குத் தாங்காது. ராஜா காலத்துக் கதையில் பின்னால் கரண்ட் கம்பம் நின்றால் நான் சும்மா விடுவேனா? சிப்பாய் கையில் வாட்ச் கட்டியிருந்தால்?

“இன்னா டீச்சர், அவன் ஒத்தக் கால்ல நின்னுகினு பத்து பேர அடிக்கிறான், நீங்க போயி கம்பத்த பாத்துகினு கீறீங்களே! பேஜார் பண்ணாதீங்க, ஒரு பத்து சேத்துப் போடுங்க.”

இப்படி நாங்கள் மூன்று பேரும் எங்கள் பாட்டுக்கு நன்றாகத்தான் இருந்தோம். வினை போனில் வந்தது.

அத்தான் மகன் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பாவைக் கூப்பிடுவான். அக்கா இருந்தவரைக்கும் அவள்தான் பேசுவாள். அவள் போன பிறகு அப்பாவுக்கும் பிள்ளைக்கும் பேச எதுவும் இல்லை. சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன், நீ சாப்பிட்டியா, சாப்பிட்டேன், வைக்கட்டுமா, வை. அவ்வளவுதான். அதுவும் இப்போது படத்தின் நடுவில் வந்து தொலைக்கும். அத்தான் போனை எடுத்து, “பேப்பர் திருத்திக்கிட்டு இருக்கேண்டா, அப்புறம் பேசு” என்று வைத்துவிடுவார்.

முதல் தடவை அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ரிட்டயர் ஆகிப் பல வருஷம் ஆன மனுஷன் வாராவாரம் பேப்பர் திருத்தினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? ஒருநாள் என்ன திருத்துகிறீர்கள் என்று கேட்டிருக்கிறான். “இன்னைக்கு வந்த பையன் நல்லாத்தான் பண்ணினான். கடைசியில சாகத் தெரியலை. ஃபெயில் பண்ணிட்டேன்” என்று இவர் சொல்லியிருக்கிறார். இன்னொரு நாள் வீடியோ காலில் அப்பாவின் உள்ளங்கையில் சிவப்பு மையில் நம்பர் எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டான். மறதி வந்தவர்கள்தான் கையில் எழுதி வைத்துக்கொள்வார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

உடனே எனக்குப் போன். “சித்தி, அப்பாவுக்குத் தான் ரிட்டயர் ஆனது ஞாபகம் இருக்கா?”

நான் உண்மையைச் சொன்னேன். அங்கேதான் காரியம் கெட்டது. சில உண்மைகளை வாய்விட்டுச் சொன்னால் பைத்தியத்தைவிட மோசமாக இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

“குங்ஃபூ படத்துக்கா மார்க்? துண்டைப் போட்டு மூடிக்கிட்டா? யார் யார் சித்தி?”

“அப்பாவும் நானும். வித்தியாசம் ஜாஸ்தியா வந்தா எதிர்வீட்டுக்காரர்.”

 மிகவும் மெதுவாக, குழந்தையிடம் கேட்பது போல், “சித்தி, நீங்க பி.பி. மாத்திரையெல்லாம் ஒழுங்கா சாப்பிடறீங்களா?” என்றான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவன் மட்டும் எதிரில் இருந்திருந்தால் பெஞ்சைத் தூக்கியிருப்பேன்.

ஆனால் அவன் பயத்திலும் கொஞ்சம் நியாயம் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தின மாதம் அத்தான் அடுப்பில் பாலை வைத்துவிட்டுச் செடிக்குத் தண்ணீர் விடப் போய், பாத்திரம் கரியாகி வீடெல்லாம் புகை. எதிர்வீட்டுக்காரர்தான் ஓடிவந்து அடுப்பை அணைத்தார். அந்தச் செய்தி எப்படியோ புனே வரைக்கும் போய்விட்டது.

சொல்லாமல் கொள்ளாமல் ஒரு வியாழக்கிழமை வந்து இறங்கினான். அப்பாவைப் பார்க்க ஆசையாக இருந்தது என்றான். வந்தவன் இருந்த இடத்தில் இருக்கவில்லை. அடுப்பைத் திறந்து பார்த்தான், மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்தான், பீரோவைத் திறந்து பார்த்தான். போனில் ஏதோ தேடி எடுத்து வைத்துக்கொண்டு அப்பாவுக்குப் பரீட்சை வைத்தான். “அப்பா, நான் மூணு வார்த்தை சொல்றேன். கொஞ்ச நேரம் கழிச்சுக் கேப்பேன். வாழைப்பழம், ரயில், குடை.”

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டான். அத்தான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“கேள்வி நம்பர் எங்கே? எத்தனை மார்க்? அதையெல்லாம் போடாம கேள்வித்தாள் தயாரிச்சவன் எவன்? இதுக்கு நான் பதில் எழுத மாட்டேன்.”

அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அத்தானின் தலையில் ஒரு குட்டு வைக்கலாமா என்று எனக்குத் தோன்றியது. மூன்று வார்த்தையைச் சொல்லித் தொலைத்தால் என்ன குறைந்துபோகும்?

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவும்போது அடுப்படியில் வந்து நின்றான்.

“சித்தி, நாளைக்குக் காலையில ஃப்ளைட். ரெண்டு டிக்கெட் போட்டிருக்கேன். அப்பாகிட்ட இன்னும் சொல்லலை.”

கையிலிருந்த கரண்டியை நான் சிங்க்கில் போட்ட சத்தம் எனக்கே அதிகமாகத்தான் பட்டது. “அவர் அங்க வந்து என்னடா பண்ணுவார்?”

“நிம்மதியா இருப்பார். யாரும் அவரை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டாங்க.”

“அதாண்டா நானும் சொல்றேன்! எதிர்த்துப் பேச ஆள் இல்லாம அந்த மனுஷன் எப்படி இருப்பார்?”

அவன் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். அவன் கெட்ட பிள்ளை இல்லை. அம்மா உடம்புக்கு முடியாமல் இருந்ததை நாங்கள் தாமதமாகச் சொன்னோம் என்ற வருத்தம் அவனுக்கு இருந்தது. இன்னொரு தடவை தாமதமாகத் தெரிந்துகொள்ள அவன் தயாராக இல்லை. “இன்னைக்கு நானும் பக்கத்துல உக்காந்து பாக்கறேன் சித்தி. அப்பா தெளிவா இருந்தா விட்டுட்டுப் போறேன். இல்லேன்னா நீங்க குறுக்க நிக்கக் கூடாது” என்றான். நான் சரி என்று தலையாட்டினேன். வேறு என்ன செய்ய?

ஹாலுக்கு வந்தோம். எதிர்வீட்டுக்காரர் ஏற்கெனவே வெற்றிலை போட்டு முடித்துத் தயாராக இருந்தார். பையனையும் இதில் இழுத்துவிட்டால் மனசு மாறுவான் என்று கணக்குப் போட்டு, ரிமோட்டை அவன் கையில் கொடுத்து எதையாவது ஒரு படத்தைப் போடச் சொன்னேன். போட்டான். துண்டைத் தொங்கவிட்டேன். கட்டைக் குரல்காரர் ஒருவர் என்னவோ சொன்னார், மேளம் அடித்தது, ‘ஹூ’ சத்தம் வந்தது. துண்டை எடுத்தேன்.

பாலத்தின் மேல் ஒருவன் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். சாயம் பூசின சிவப்புப் புருவம். இடது கையில் வாட்ச்.

 இது நாங்கள் பார்த்த படம். மழைக்காலத்தில் இதே ஹாலில் உட்கார்ந்து திருத்திய படம். அந்த வாட்ச்சுக்கு நான் மார்க் குறைத்து, அதற்கு எதிர்வீட்டுக்காரர் கோபித்துக்கொண்டு காப்பி வேண்டாம் என்று எழுந்து போன படம். உலகத்தில் எத்தனையோ ஆயிரம் குங்ஃபூ படம் இருக்க, இந்தப் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு இதன் மேலா கை வைப்பான்!

அத்தானைப் பார்த்தேன். முழங்காலில் கை வைத்து, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் தடவை பார்க்கிறவர் எப்படிப் பார்ப்பாரோ அப்படியே.

வாய்விட்டுச் சொல்லலாம் என்றால் சட்டம் இருக்கிறது. சட்டம் கிடக்கட்டும் என்று சொன்னாலும், பையன் உடனே, ‘அப்பா, உங்களுக்கு ஞாபகம் இல்லையா?’ என்று கேட்பான். அத்தான், ‘என்ன ஞாபகம்?’ என்று கேட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது. நான் படத்தைப் பார்க்கவே இல்லை. அத்தானின் முகத்தையே பார்த்தேன். கதாநாயகன் அருவியில் நின்று பயிற்சி எடுத்தான், அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. குருவை விஷம் வைத்துக் கொன்றார்கள், அவர் கொஞ்சம் முன்னால் சாய்ந்து பார்த்தார். ஏற்கெனவே பார்த்தவர் இப்படிச் சாய்வாரா? அந்தப் பக்கம் எதிர்வீட்டுக்காரர் துண்டை வாயில் பொத்திக்கொண்டு குருவுக்காக விசும்பினார். மழைக்காலத்திலும் இதே இடத்தில்தான் விசும்பினார். பையன் படத்தையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. அவனும் அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆண்டவரே, இந்த மனுஷனை இன்றைக்கு ஒரு நாள் பாஸ் பண்ணிவிடும் என்று வேண்டிக்கொண்டேன். அவருக்காக மட்டும் வேண்டினேன் என்று சொன்னால் பொய். அவர் போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பை எடுத்துக்கொண்டு நான் யார் வீட்டுக்குப் போவேன்? யாரோடு மல்லுக்கு நிற்பேன்?

சிவப்புப் புருவக்காரன் பாலத்தில் அடிபட்டான். நெஞ்சில் கை வைத்தான். கையைப் பார்த்தான். முழித்தான். வசனம் பேசினான். விழுந்தான். எல்லா ஸ்டெப்பும் செய்தான், ஒன்றைக்கூட விடவில்லை. படம் முடிந்தது. பேனா கை மாறிப் போனது. எனக்கு ஒன்றும் ஓடாமல் தோன்றிய நம்பரைக் கையில் எழுதினேன்.

“விரிங்க,” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

என் கையில் நாற்பது. எதிர்வீட்டுக்காரர் கையில் எண்பத்தைந்து. அத்தான் கையை விரித்தார். ஒன்றுமே எழுதவில்லை. வெறும் கை.

பையன் அந்த வெறும் கையைப் பார்த்தான். அவன் முகம் விழுந்துவிட்டது. “என்னப்பா, மார்க் போட மறந்துட்டீங்களா?” என்று கேட்டான். அவ்வளவு அன்பாகக் கேட்டான்.

“நான் எதுக்குடா போடணும்? இது ஏற்கெனவே திருத்தின பேப்பர்.”

அத்தான் டி.வி.யைக் கை காட்டினார்.

“மழையில பார்த்தோம். இந்தப் புருவக்காரன் பாலத்துல சாகறப்ப கரண்ட் போச்சு. வந்ததும் கொஞ்சம் பின்னால இருந்து போட்டோம், மறுபடி முதல்லேருந்து செத்தான். ரெண்டு தடவை செத்தான்னு இவர் அதுக்கும் சேர்த்து மார்க் கேட்டார்.” எதிர்வீட்டுக்காரரைக் காட்டினார். “ஒருதடவை திருத்தினதை அதே ஆள் மறுபடி திருத்தக் கூடாது. துண்டை எடுத்ததுமே தெரிஞ்சுபோச்சு. படம் ஓடும்போது பேசக் கூடாதுன்னு வாயை மூடிக்கிட்டு இருந்தேன். தெரிஞ்சும் கையில எழுதியிருக்கா பாரு, இவளைச் சொல்லு.”

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. “அய்யோ அத்தான், முதல்லயே ஒரு கண்ணைக் காட்டியிருக்கக் கூடாதா?” என்று கத்திவிட்டேன்.

“அப்ப எவ்வளவு மார்க் போட்டீங்கப்பா?” என்றான் பையன். இன்னும் சோதிக்கிறான், விடாக்கண்டன்.

“மறந்துபோச்சு. மறக்கத்தானேடா கையில எழுதறது?”

எதிர்வீட்டுக்காரர் மட்டும் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். “இன்னா சார் சொல்றீங்க? சத்தியமா இந்தப் படத்த நான் பாத்ததே இல்ல! புதுப் படம் சார் இது!”

அத்தான் மகன் பக்கம் திரும்பினார். “ரெண்டாவது டிக்கெட் வீணாப் போக வேணாம். இவரைக் கூட்டிட்டுப் போ.”

“யாருப்பா டிக்கெட் பத்திச் சொன்னது?” என்று அவன் என்னைப் பார்த்தான். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். நான் சொல்லவில்லை.

“வந்த அன்னைக்கே பீரோவைக் குடைஞ்சு என் ஸ்வெட்டரைத் தேடினே. செம்பாக்கத்துல எவண்டா ஸ்வெட்டர் போடறான்?”  பிறகு அவர் பேசியது வாத்தியார் குரலில் இல்லை. “கடைசிவரை பார்க்காம மார்க் போடக் கூடாதுடா. நீ ஞாயித்துக்கிழமை ரெண்டு நிமிஷம் போன்ல பார்த்துட்டு எனக்கு மார்க் போட்டுட்டே.”

“பால் கருகினது உண்மைதானேப்பா?”

“உண்மைதான். அதுக்கு மார்க்கைக் குறைச்சுக்க. ஃபெயில் பண்ணாதே.”

 அவன் என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கி, எங்களுக்குத் தெரியாமல் திரும்பி உட்கார்ந்து உள்ளங்கையில் எழுதினான். விரித்தான். முப்பத்தைந்து. அப்பாவைப் பார்த்து, “இது படத்துக்குப்பா,” என்றான்.

“முப்பத்தஞ்சா?” அத்தான் நாற்காலியிலிருந்தே எழுந்துவிட்டார். “டேய், அவன் எவ்வளவு சுத்தமா செத்தான்! ஸ்டெப் மார்க் எங்கே?”

“என்னப்பா ஸ்டெப்? கதைன்னு ஒண்ணு இருக்கா அதுல? அவன் எதுக்குப் பாலத்துக்கு வந்தான்?”

“நீ உங்க சித்தி கட்சியாடா?”

அப்பாவும் பிள்ளையும் சாப்பிட்டீங்களா என்பதைத் தாண்டிப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். ராஜகீழ்ப்பாக்கத்துக்கு ஆட்டோ ஏறும்வரைக்கும் அந்தச் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் நான் வழியனுப்பப் போனபோது டாக்ஸியில் அவன் ஒருவன்தான் ஏறினான். அடுப்புக்குத் தானாக அணைகிற ஒன்றை வாங்கி மாட்ட எதிர்வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் போனான். அவர் தன் கடையிலேயே கிடைக்கும் என்று சத்தியம் செய்தார். டாக்ஸி தெருமுனை திரும்பிய பிறகும் அத்தான் கேட்டிலேயே நின்றார். உள்ளே வந்தும் ரொம்ப நேரம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், வெயில் ஏறி நான் இட்லி வைத்துக் கூப்பிட்ட பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தார்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

“அப்பா, ஃப்ளைட்ல ஏறிட்டேன். அந்தப் புருவக்காரன் கையை எடுத்து ரத்தத்தைப் பார்த்தானா?”

“பார்த்தான்.”

“அப்ப ரெண்டு மார்க் கூட்டிப் போட்டுக்கோங்க.”

“மறுகூட்டலுக்கு முறைப்படி அப்ளை பண்ணு.”

அவன் சிரித்தான். பின்னால் யாரோ சீட் பெல்ட்டைப் பற்றி அறிவித்துக்கொண்டிருந்தார்கள்.  அப்புறம், “பக்கத்து சீட்டு காலியா இருக்குப்பா,” என்றான்.

அத்தான் இட்லியைத் தட்டில் வைத்தார். 

“அதுல ஒரு துண்டைப் போட்டு வைடா,” என்றார். “எனக்குத் தோணும்போது வரேன்.”